ஒன்பதாம் எண் பாட்டில்

விக்னேஷ் அடித்துக்கொண்டு போனது தாரணியின் ஏழு மாத உழைப்பை. பூண்டு வயலுக்குப் போடும் உரம் ஊற்றுத் தண்ணீரில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, பூம்பாறைக்காரியான அவள் வாராவாரம் பனியில் நடுங்கிக்கொண்டு பதினோரு ஊற்றுகளுக்கு ஏறி இறங்கினாள். கொடைக்கானல் ஆய்வகத்தில் கால் கடுக்க நின்று ஒவ்வொரு பாட்டிலாகச் சோதித்தாள். கருத்தரங்கப் புத்தகத்தில் அது கட்டுரையாக வந்தபோது பெயர் மட்டும் விக்னேஷுடையது. ஆய்வகத்தின் மூத்த மாணவன் அவன். ஒரு நாளும் ஓடைப்பக்கம் கால் நனைத்தவனில்லை.

பேராசிரியர் ஜோதிமணியிடம் சொன்னால் அவனைக் கண்டித்துவிட்டு, இரண்டு பேர் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள் என்பார். தாரணிக்குப் பாதிப் பெயர் வேண்டாம். அவன் ஊர் பார்க்கத் தலை குனிய வேண்டும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

கருத்தரங்கு அன்று காலை அவனே மடிக்கணினியோடு வந்தான். திருடிய வீட்டிலேயே வந்து தண்ணீர் கேட்கிற துணிச்சல்.

"ஒருக்கா பாத்துரு தாரணி. எழுத்துப்பிழை எதாச்சும் கெடக்கும்."

பார்த்தாள். பன்னிரண்டு பாட்டில் எண்களுக்கும் தன் இஷ்டத்துக்கு ஊற்றுப் பெயர் வைத்திருந்தான். ஒன்பதாவதற்குப் பக்கத்தில், 'மேல்மலையின் மிகத் தூய ஊற்று' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். ஒன்பதாவது ஊற்றே இல்லை. ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பி, மலைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவார்கள். அதில் அழுக்குத் தெரிந்தால் தப்பு ஊற்றில் இல்லை, எடுத்தவர் கையில். அந்தப் பாட்டிலுக்கும் வரிசையில் கலந்தே எண் போடுவது வழக்கம். எது எது என்பது அவளுடைய குறிப்பேட்டில் மட்டும் இருந்தது. ஆய்வகக் கம்ப்யூட்டரில் கிடந்த அவள் அட்டவணையை எடுத்தவனுக்குக் குறிப்பேடு தேவைப்படவில்லை.

இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள்.

"நல்லா இருக்குண்ணே."

அரங்கில் ஜோதிமணியே கேட்டார். "ஒன்பது மட்டும் எப்படிப்பா இவ்வளவு சுத்தம்?"

"சோலைக்காட்டுக்குள்ள இருக்குங்க மேடம். நானே மூணு தடவை ஏறுனேன். அட்டை கடிச்சு ரத்தம் நிக்கவே இல்ல."

அரங்கு சிரித்தது. தாரணி எழுந்தாள். ஏழு மாதத்தில் அவளுக்கு இவ்வளவு சந்தோஷமாக ஒரு நிமிஷமும் இருந்ததில்லை.

"குடிச்சுப் பாத்தீங்களாண்ணே?"

"குடிச்சேனே. இளநி கணக்கா இருந்துச்சு."

அவள் நடந்து போய்க் குறிப்பேட்டைப் பேராசிரியர் முன் விரித்து வைத்தாள். "அது நம்ம லேப்ல நான் காய்ச்சி வடிச்ச தண்ணிங்க மேடம்."

ஜோதிமணி பக்கம் பக்கமாகப் புரட்டினார். தேதி, நேரம், குளிர், பாட்டில் எண், எல்லாம் தாரணியின் கையெழுத்து.

"எந்தச் சோலைப்பா அது?" என்றார் மறுபடியும். விக்னேஷ் மடிக்கணினியை மூடினான்.

"எறங்கு. கட்டுரை தாரணி பேர்ல மட்டும் வரும். நீ வந்து பேசும்மா."

மேடைப் படியில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். அவன் மைக்கை நீட்டினான்.

"காலையில பாத்தேல்ல. ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல."

"சொல்லிருக்கலாம்ண்ணே. சொன்னா அந்த ஒன்ன மட்டும் எடுத்துட்டு, மிச்சம் பதினொன்ன நீங்களே வச்சிருப்பீங்க."