கவிழ்த்த பீங்கான்

நான் செத்துப்போனால் இவளுக்கு எவ்வளவு வசதி. இன்னும் சாகவில்லை என்பதுதான் என்மேல் இவளுக்குள்ள ஒரே குறை.

மேசையின் மறுமுனையில் இருந்த சபைத் தலைவி சிஸ்டர் பிளாசிடாவைப் பார்த்தபடி மதர் எமரன்சியா இப்படி நினைத்துக்கொண்டாள். பிளாசிடா புன்னகைத்தாள். நவசன்னியாசியாக வந்த நாளிலிருந்தே அவளுக்கு அந்தப் புன்னகைதான். பல் தெரியாது, கண்ணும் சிரிக்காது.

கொட்டாஞ்சேனை மடத்துச் சாப்பாட்டறையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாருடைய பீங்கான் தட்டும் நிமிர்ந்திருந்தது. எமரன்சியாவுடையது மட்டும் கவிழ்ந்திருந்தது.

அதற்கு என்ன பொருள் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 'வாசல் அன்னையின் சகோதரிகள்' என்ற இந்தச் சபையை ஆரம்பித்தவள் அவள். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளும் அவள்தான். இடமாற்றம் பெற்ற சகோதரியின் பீங்கான் கவிழ்ந்திருக்கும். அவள் வாய் திறக்காமல் அதை நிமிர்த்தினால் சம்மதம். சாப்பிட்டு முடிந்ததும் ஒரு பையைக் கட்டுவாள், மாலைச் செபத்துக்கு முன் போய்விடுவாள். அழுவதற்கோ ஆள் சேர்ப்பதற்கோ நேரம் கிடையாது. தான் முன்பு இருந்த மடத்தில் ஒவ்வொரு இடமாற்றமும் மாதக்கணக்கான அழுகையும் குசுகுசுப்புமாக நடந்ததைப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் எமரன்சியா இதைக் கொண்டுவந்தாள். பீங்கானை நிமிர்த்தாமல் விட்டவள் இந்தச் சபையில் ஒருத்தியும் இல்லை.

மூலையில் நின்றபடி இளைய சகோதரி றொசானா சாப்பாட்டு நேர வாசகத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். "கீழ்ப்படிகிறவள் வழி தவறுவதில்லை. நம் அன்னை எமரன்சியாவின் வாக்கு."

எப்போது சொன்னேன்? எமரன்சியா யோசித்துப் பார்த்தாள். யாரோ ஒருத்தி குளியலறை லைற்றை அணைக்காமல் விட்டதற்காகச் சொல்லியிருக்கலாம்.

பிளாசிடா மணியை அடித்தாள். "காணும் றொசானா. இண்டைக்குக் கதைச்சுச் சாப்பிடுவம்."

பிறகு எமரன்சியாவின் பக்கம் திரும்பினாள்.

"மதர், சோறு ஆறுது."

"ஆறட்டும்."

"ஹெந்தளை முதியோர் மடத்தில நல்ல கடல் காத்து. உங்களுக்குக் கீழ் அறைதான், படி ஏறத் தேவையில்லை. ஒரு நேர்ஸ் எப்பவும் நிப்பா."

"எனக்கு என்ன வருத்தம்?"

"வருத்தம் எண்டு இல்லை, மதர். வயசு."

"வயசுக்கு ஹெந்தளையில மருந்து விக்கினமோ?"

யாரோ ஒருத்தி சிரித்து, அதை இருமலாக மாற்றினாள். பிளாசிடாவின் புன்னகை கொஞ்சமும் அசையவில்லை.

"சபையின்ர பொன்விழா வருது. உங்கட அறையை அப்பிடியே வைக்கப் போறம். கட்டில், செபமாலை, செருப்பு எல்லாம் கண்ணாடிக்குள்ள. ஆக்கள் வந்து பாப்பினம்."

"செருப்பையுமோ? அப்ப நான் எதைப் போட்டுக்கொண்டு போறது?"

"புதுசு வாங்கியாச்சு, மதர்."

போன கிழமை எமரன்சியாவின் பழைய அங்கி ஒன்று காணாமல் போயிருந்தது. தேடிக்கொண்டு தையலறைக்குப் போனால், றொசானா அதைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, செப அட்டைகளில் பசை பூசி ஒட்டிக்கொண்டிருந்தாள். புனிதர்களின் உடுப்பை அப்படிச் செய்வதுண்டு, செத்த பிறகு. "பிறகு தேடினா கிடைக்காதாம், மதர். பிளாசிடா சிஸ்டர்தான் சொன்னவ" என்று அந்தப் பெண் கத்தரிக்கோலை மடிக்குள் ஒளித்தாள். எமரன்சியா அவளைத் திட்டிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் மனதில் முதலில் வந்தது கோபமல்ல. இந்தக் கிழிசலை ஏன் எடுத்தாள், நல்ல அங்கியைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்றுதான் முதலில் தோன்றியது. அந்த எண்ணம் இன்னும் அவளுக்குள் கிடந்து நாறியது.

"கீழ் மண்டபம்?" என்று கேட்டாள்.

"அது நினைவு மண்டபமா வரும்."

"அங்க படுக்கிற பொம்பிளையள்?"

"கிருலப்பனையில ஒரு ஹொஸ்டலோட கதைச்சிருக்கிறம். சுத்தமான இடம். முந்தி வேலை செய்த வீட்டுக்காரர் ஒரு கடிதம் குடுத்தாக் காணும்."

எமரன்சியாவுக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது. வீட்டை விட்டுத் துரத்தியவனிடம் போய், நான் நல்லவள் என்று எழுதித் தாருங்கள் எனக் கேட்கவேண்டுமாம். கீழே படுக்கிறவர்கள் எல்லாரும் வீட்டுவேலைக்குப் போய் வெளியே தள்ளப்பட்டவர்கள். யோகேஸ்வரி வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டிலிருந்து போட்ட சட்டையோடு வந்தாள். அவளுடைய பையைக்கூட அவர்கள் கொடுக்கவில்லை. இன்று காலை தச்சுவேலை ஓடாவி வந்து அளவுநாடாவைப் பிடித்து மண்டபத்தை அளந்தபோது அவள் பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "என்னா மதர், நாங்க படுக்கிற எடத்தத்தானே அளக்குறாங்க? இங்கேயும் போகச் சொல்லிருவாங்களா?" எதற்கு அளக்கிறார்கள் என்று எமரன்சியாவுக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

சபை தொடங்கியதே அப்படி ஒருத்தியால்தான். எமரன்சியா அப்போது வேறொரு சபையில் பள்ளிக்கூட ரீச்சர். ஒருநாள் பொழுதுபடும் நேரம் மடத்து வாசல் கேற்றடியில் ஒரு பெண் நின்றாள். நாளைக்கு வா என்று அனுப்பினார்கள். அவள் வரவில்லை. எமரன்சியா அவளைத் தேடிப் போனாள், பிறகு அந்த மடத்துக்குத் திரும்பவேயில்லை. பொன்விழாவுக்காக அச்சடித்த சிறு புத்தகத்தில் அந்தப் பெண் மாதாவாகிவிட்டாள். கேற்றடியில் ஒளியும் வந்துவிட்டது.

"நான் போனபிறகு அவளவையை அனுப்புவியள்," என்றாள். "நான் இருக்குமட்டும் ஏலாது. அதுதானே?"

பிளாசிடா தண்ணீர் குடித்தாள். "மதர், நீங்கள் எங்களுக்குச் சொல்லித் தந்தது எல்லாம் கீழ்ப்படிவுதான். சபையை உண்டாக்கினவ தானே பீங்கானை நிமிர்த்தினா, இந்தப் பிள்ளையளுக்கு அதைவிட என்ன சாட்சி வேணும்? காலத்துக்கும் சொல்லுவினம்."

கெட்டிக்காரி. எந்த இடத்தில் ஊசி குத்தினால் இறங்கும் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏனென்றால் எமரன்சியாவின் கை மடியிலிருந்து எழுந்து மேசை விளிம்புவரை வந்துவிட்டது. எல்லாக் கண்களும் அந்தக் கையில் இருந்தன. நிமிர்த்தினால் போதும். இந்த மேசை முழுவதும் அழும். புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அதுவாகவே இருக்கும்: தான் வகுத்த விதிக்குத் தானே பணிந்த தாய். அந்த இனிப்பு நாக்கிலேயே தெரிந்தது. புனிதையாவது எவ்வளவு சுலபம், கீழே பாயைச் சுருட்டிக்கொண்டு ஒருத்தி நிற்காவிட்டால்.

அல்லது நான் யோகேஸ்வரிக்காக மறுக்கவில்லையோ? இவளைப் பிடிக்காததால்தான் மறுக்கிறேனோ? இவள் தோற்பதைப் பார்க்கவேண்டும் என்று எனக்குள் ஒரு பசி இருக்கிறது. அதை மறைத்து என்ன பயன், கடவுளுக்குத் தெரியாததா? இரண்டையும் பிரிக்க அவள் முயன்றாள். முடியவில்லை. மனம் சுத்தமான பிறகுதான் மறுக்கலாம் என்றால் யாரும் எதையும் மறுக்கமுடியாது.

அவள் கையைத் திரும்ப மடிக்கு எடுத்தாள்.

"மதர்." பிளாசிடாவின் குரலில் முதல் முறையாகப் புன்னகை இல்லை. "மகளாக் கேக்கேல்லை. சபைத் தலைவியாக் கேக்கிறன். வாகனம் நாலு மணிக்கு வரும். பீங்கானை நிமிர்த்துங்கோ."

றொசானா தலை குனிந்துகொண்டாள். சுவரோரம் மின்விசிறி கறகறத்தது.

"வாகனத்தைத் திருப்பி அனுப்பு, பிள்ளை," என்றாள் எமரன்சியா, சத்தம் போடாமல். "நான் போகமாட்டன்."

பிறகு பருப்புச் சட்டியை எடுத்து, பக்கத்தில் இருந்தவளிடம் நகர்த்தினாள்.