பதினாறு புத்தகங்கள்

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு மூன்றாவது பீரியட் மணி அடித்தது. இரண்டு நிமிடத்தில் அதிதி நூலகத்தின் பின்கதவு வழியாக உள்ளே வந்தாள். கையில் வெள்ளைச் சீட்டு.

ஜோசஃபின் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அந்த அறை முன்பு நூலகத்தின் கிடங்காக இருந்தது. ஜோசஃபினைப் பள்ளி கவுன்சிலராக நியமித்தபோது அதை அவளுக்குக் கொடுத்தார்கள். வராந்தாவைப் பார்த்த கதவில் அவள் பெயர்ப் பலகை இருந்தது. நூலகத்தைப் பார்த்த கதவில் எதுவும் இல்லை.

"தலையக் காட்டட்டுமா மிஸ்?"

"உனக்குத் தோணினா காட்டு."

அதிதி ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். ஜூலையில் உச்சந்தலையில் உள்ளங்கை அளவுக்கு வெறுமையாக இருந்தது. இப்போது அந்த இடத்தில் அரை அங்குல முடி குத்திட்டு நின்றது.

"எங்கண்ணா டூத் பிரஷ்ங்கறான்."

"இந்த வாரம்?"

"ஞாயித்துக்கிழமை மட்டும். மேத்ஸ் மாடல் பேப்பர் போட்டுண்டிருந்தேன். பதினொரு முடி. அப்புறம் நீங்க சொன்ன மாதிரி ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுண்டு உக்காந்துட்டேன். அம்மா வந்து ஏன் எழுதலைன்னு கேட்டா."

"என்ன சொன்னே?"

"கை குளிர்றதுன்னேன்."

இருவரும் சிரித்தார்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை. ஜூன் மாதம் அவளாகவேதான் வந்தாள். வருட ஆரம்பத்தில் பெற்றோருக்கு ஒரு படிவம் போகும். உங்கள் பிள்ளை கவுன்சிலரைச் சந்திக்கலாமா? ஆம், வேண்டாம். அதிதியின் படிவத்தில் வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் இருந்தது. கீழே அப்பா ஆராவமுதனின் கையெழுத்து.

ஜோசஃபின் அதிதியின் அம்மாவுக்கு போன் செய்தாள். பிள்ளை முடியைத் தானே பிடுங்குகிறாள், பயம் வந்தால் கை தானாகப் போகிறது என்று சொன்னாள். அம்மா கிருத்திகா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இல்ல மேடம், அது தண்ணி. எங்க அபார்ட்மெண்ட்ல முழுக்க போர்வெல், மிச்சத்துக்கு டேங்கர். எனக்கே கொத்துக் கொத்தா கொட்றது. ஃபில்டர் ஆர்டர் பண்ணியிருக்கோம்."

அன்று மாலை வீட்டில் என்ன நடந்தது என்று அதிதி சொல்லவில்லை. மறுநாள் வந்து, "இனிமே எங்காத்துக்கு போன் பண்ணாதீங்கோ மிஸ்," என்று மட்டும் சொன்னாள். உச்சியில் முடி இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது.

கவுன்சிலரிடம் போக நீலச் சீட்டு. நூலகத்துக்கு வெள்ளை. நீலச் சீட்டோடு யாராவது வகுப்பைவிட்டு எழுந்தால் பின்பெஞ்சிலிருந்து "ஹுச்சி" என்று குரல் வரும். கன்னடத்தில் பைத்தியம். அதிதிக்கு அந்தச் சீட்டும் கிடையாது.

நூலகர் ஓஸ்வால்ட்தான் வழி சொன்னார். வெள்ளைச் சீட்டுக்கு ஒரே விதி. அந்த பீரியடில் பிள்ளையின் பெயரில் கம்ப்யூட்டரில் ஒரு புத்தகம் ஏற வேண்டும். ஏற்றிவிடுவார். அடுத்த வாரம் அதை இறக்கி வேறொன்றை ஏற்றுவார். புத்தகம் அலமாரியைவிட்டு நகராது.

"என்ன புக் போடட்டும் மேடம்?"

"எதையாவது போடுங்க சார்."

"எதையாவது போட முடியாது. நான் லைப்ரேரியன்," என்றார். தேர்ந்தெடுத்துத்தான் போட்டார்.

நவம்பரில் நூலக வாரம் வந்தது. ஓஸ்வால்ட் தன் அக்கா மகள் கல்யாணத்துக்காக கோலார் போயிருந்தார். அலுவலகத்தில் யாரோ கம்ப்யூட்டரில் பட்டியல் எடுத்தார்கள். அசெம்பிளியில் பிரின்சிபால் பெயர் படித்தார். உயர்நிலை வகுப்புகளில் இந்த ஆண்டின் சிறந்த வாசகி, பதினாறு புத்தகங்கள், பத்து பி, அதிதி ஆராவமுதன். எல்லோரும் கைதட்டினார்கள். அதிதி மேடைக்குப் போய்ச் சான்றிதழை வாங்கினாள். புகைப்படம் பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவுக்குப் போனது.

ஓஸ்வால்ட் திரும்பி வந்து நேராக ஜோசஃபினின் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"எனக்கு இது தோணவே இல்ல மேடம். லிஸ்ட் எடுப்பாங்கன்னு தெரியும். அவ பேர் வரும்னு தோணல."

"பதினாறுதானே?"

"மத்தவங்க யாரும் நாலுக்கு மேல எடுக்கல."

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். நூலக மேசையில் ஓஸ்வால்டும், பக்கத்தில் ஜோசஃபினும் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஆராவமுதன் வந்தார். பின்னால் கிருத்திகா, அதிதி. அவர் சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

"சார், நீங்கதானே அந்தப் பதினாறு புக் குடுத்தவர்?"

ஓஸ்வால்ட் எழுந்து நின்றார்.

"நல்ல விஷயம் சார். நானும் படிச்சவன்தான். ஆனா டென்த்ல பதினாறு நாவல்! மேத்ஸ்ல நாப்பத்திமூணு. எங்க போச்சு மார்க்னு மண்டைய ஒடச்சுண்டிருந்தோம். பதில் மேடையில வச்சு சர்டிஃபிகேட்டோட குடுக்கறா." அவர் மகளின் தோளைத் தட்டினார். "இதுல தமாஷ் என்னன்னா, ஒரு கதை சொல்லுடின்னா முழிக்கறா. பதினாறுல ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. அப்போ படிச்சதும் வேஸ்ட்."

"அதிதி நல்ல ஸ்டூடண்ட் சார்," என்றார் ஓஸ்வால்ட்.

"அதான் சொல்றேன். பிரின்சிபால்கிட்ட லெட்டர் குடுத்துட்டேன். மார்ச் வரைக்கும் லைப்ரரி வேண்டாம். தர்ஸ்டே தேர்ட் பீரியட் மேத்ஸ் ரெமெடியல். கையெழுத்தும் போட்டுட்டார்."

ஜோசஃபின் வாயைத் திறந்தாள். அப்பாவின் கைக்குப் பின்னாலிருந்து அதிதி அவளைப் பார்த்தாள். தலையை மிகக் கொஞ்சமாக இரண்டு தடவை ஆட்டினாள். வேண்டாம்.

"லஞ்ச் பிரேக்ல வேணும்னா..." என்றாள் ஜோசஃபின்.

"லஞ்ச்ல டவுட் கிளாஸ் போட்டிருக்கா மேடம். நீங்க?"

"கவுன்சிலர்."

"ஓ." கிருத்திகா முன்னால் வந்தார். முகம் மலர்ந்தது. "ஜூன்ல போன் பண்ணினேளே. பாருங்கோ மேடம், முடி எப்படி வந்திருக்கு. ஃபில்டர் போட்டப்புறம்தான். நீங்க வேற என்னென்னமோ சொல்லி பயமுறுத்திட்டேள்."

அவர் மகளின் தலையைத் திருப்பி உச்சியைக் காட்டினார். அதிதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா வந்திருக்கு," என்றாள் ஜோசஃபின்.

திங்கட்கிழமை பிரின்சிபாலைப் பார்த்தாள். பெயர் சொல்லவில்லை. பெற்றோர் சம்மதம் இல்லாத பிள்ளைக்கு உதவி தேவை என்றால் என்ன செய்யலாம் என்று கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உயிருக்கு ஆபத்தா?"

"இல்ல சார். இப்போ இல்ல."

"அப்போ ஃபார்ம் மறுபடி அனுப்புங்க."

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் வெள்ளைச் சீட்டும் பதினாறு புத்தகங்களும் வெளியே வரும். ஓஸ்வால்ட் பன்னிரண்டு வருடமாக கான்ட்ராக்டில் இருக்கிறார். அவள் வேலையும் போகும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு சொன்னாலும் அந்த அறைக் கதவு அதிதிக்குத் திறக்கப் போவதில்லை. வீட்டில் பிள்ளையின் பொய் மட்டும்தான் மிஞ்சும். ஜோசஃபின் இதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். வீடு இருக்கும் ஜோகுபாளையம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தாள். ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

படிவத்தை அனுப்பினாள். புதன்கிழமை திரும்பி வந்தது. வேண்டாம். பக்கத்தில் கிருத்திகா அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: உங்கள் அக்கறைக்கு நன்றி. பிரச்சினை தீர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை பத்து இருபதுக்கு மணி அடித்தது. ஜோசஃபின் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். பின்கதவைத் திறந்து வைத்தாள். ஓஸ்வால்ட் தன் மேசையிலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டார்.

பத்தே முக்காலுக்கு அவள் எழுந்து மாடிக்குப் போனாள். ரெமெடியல் வகுப்பின் ஜன்னல் திறந்திருந்தது. பலகையில் முக்கோணங்கள். மூன்றாவது வரிசையில் அதிதி வலது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். இடது கை தலையில் இருந்தது. விரல்கள் மெதுவாக ஒன்றைத் தேடின, சுற்றின, இழுத்தன. கை மேசைக்கு இறங்கியது. மறுபடி ஏறியது. ஆசிரியர் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

ஜோசஃபின் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். கூப்பிட அவளிடம் நீலச் சீட்டும் இல்லை, வெள்ளைச் சீட்டும் இல்லை. வகுப்பு முடியும்வரை நின்றாள். அந்தக் கை ஏழு தடவை ஏறியது.

மணி அடித்ததும் பிள்ளைகள் முட்டிமோதிக்கொண்டு இறங்கினார்கள். அதிதி கடைசியாக வந்தாள். படியருகே ஜோசஃபினைப் பார்த்ததும் நின்றாள். சட்டைக் காலரில் இரண்டு முடி ஒட்டியிருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மிஸ், பதினாறாவது புக் இன்னும் என் பேர்லதான் இருக்கு. அதைத் திருப்பிக் குடுக்க ஒரு பீரியட் ஆகும்னு சொல்லலாமா?"