டப்பாவில் கிடந்த சாவிகள்

கதை எழுதுவதற்காக வேலையை விட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில், சரவணம்பட்டியில் ஒரு கால்சென்டரில் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து அமெரிக்காக்காரர்களிடம் திட்டு வாங்கி வாங்கி, ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். பகலில் செய்ய ஒன்றும் இல்லை. எழுதினேன். பத்திரிகையில் போட்டார்கள்.

கதைகளில் பாதி சஹீர் பாயின் ஸ்டூலில் உட்கார்ந்தபோது கிடைத்தவை. டவுன்ஹால் பக்கம் பிளாட்பாரத்தில் மேசை போட்டு டூப்ளிகேட் சாவி செய்கிறவர் அவர். மைதாச் சாக்கால் ஒட்டுப்போட்ட குடை. சாவியைத் தொலைத்தவன் எப்படித் தொலைத்தான் என்று சொல்லாமல் போகமாட்டான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"ஏனுங்க எழுத்தாளரே, இன்னிக்கு உங்களுக்குப் போணி ஆச்சுங்களா?" என்பார் பாய்.

அவர் மேசைக்கடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அரம் கொஞ்சம் கூடுதலாக ஓடி வீணான சாவிகளை அதில் போடுவார். நிறைந்ததும் எடைக்குப் போட்டுவிடுவதாகச் சொல்வார். அந்த டப்பாவைப் பார்த்துத்தான் கதை வந்தது. என் கதையில் வரும் சாவிக்காரன், செய்கிற ஒவ்வொரு சாவிக்கும் ரகசியமாக இன்னொன்று செய்து வைத்துக்கொள்கிறான். எந்தக் கதவையும் திறப்பதில்லை. திறக்க முடியும் என்பதே அவனுக்குப் போதும்.

டவுன்ஹாலையும் மைதாச் சாக்குக் குடையையும் மாற்றாமல் விட்டிருந்தேன். நல்ல விவரங்கள். விட மனசு வரவில்லை.

கதை பத்திரிகையில் வந்ததும் யாரோ அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். 'சிறுகதை' என்ற சொல்லும் ஜெஃபின் என்ற என் பெயரும் போட்டோவில் விழவில்லை. அதற்குப் பதில் 'உஷார்! எல்லாருக்கும் அனுப்பவும்' என்று சேர்ந்திருந்தது. கோட்டைமேடு, உக்கடம், எங்கள் சர்ச் குரூப் எல்லாவற்றிலும் சுற்றியது. பாயின் மேசைக்கு ஆள் வருவது நின்றுபோனது.

"எம்பொண்ணு ஹிபாதான் படிச்சுக் காமிச்சா," என்றார் பாய். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா என்ற பொழப்புல மண்ணப் போட்டுப்போட்டீங்க. நீங்களே இங்க உக்காந்து, அது வெறும் கதைன்னு வர்றவங்ககிட்டச் சொல்லோணும்."

உட்கார்ந்தேன். பீரோ சாவியோடு வந்த பக்ருன்னிசா என்ற அம்மாளிடம் சொன்னேன். அவர் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"நீங்கதான் எழுதுனதுங்களா? எதையோ பாத்துத்தான எழுதியிருப்பீங்க?"

"டப்பாவ மட்டுந்தாங்க பாத்தேன். மிச்சமெல்லாம் நானா நெனச்சது."

"அப்ப டப்பா இருக்குதுல்ல?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

"நல்லாச் சொன்னீங்க போங்க," என்றார் பாய். "இதுக்கு நீங்க வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்."

வீட்டில் ரூத் கேட்டாள். என் மனைவி, மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"நம்மூட்டுச் சாவியும் அவருதான போட்டாரு?"

"அது கதை ரூத். நான் எழுதினது."

"தெரியும். பிழை திருத்திக் குடுத்ததே நான்தான். டப்பாவுல கெடக்கறதெல்லாம் வீணாப்போனதுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவர் சொன்னாரு."

"ம்," என்றாள்.

அந்த 'ம்'மை என்னால் தாண்ட முடியவில்லை. டப்பா எடைக்குப் போனதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. போன மாதம் நாங்கள் அவிநாசிக்குப் போகிறோம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். திரும்பி வந்தபோது வாசல் மிதியடி நகர்ந்திருந்தது. பூனை என்று விட்டிருந்தேன். இப்போது பூனையாகத் தெரியவில்லை. கதை எழுதும்போது வருகிற அதே வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை காந்திபுரத்தில் புதுப் பூட்டு வாங்கி மாட்டினேன். உன் நிம்மதிக்குத்தான் என்று ரூத்திடம் சொன்னேன்.

"பூட்ட மாத்தச் சொல்லி நான் கேக்கவே இல்லியே," என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் நான் ஸ்டூலில் இருந்தபோது மதுக்கரையிலிருந்து ஒருவர் வீட்டுச் சாவியோடு பாயிடம் வந்தார். மேசையைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், தயங்கினார்.

"வாட்ஸ்அப்புல வந்துச்சே, அந்தக் கடைதானுங்களா இது?"

பாய் என்னைப் பார்த்தார். ஒரு ஆள் நம்பினால் நாலு பேர் வருவார்கள் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

"அது நான் எழுதின கதைங்க," என்றேன். "எங்க வீட்டுச் சாவியே பாய்தான் போட்டாரு. இத பாருங்க." பேச்சு வேகத்தில் சாவிக்கொத்தை எடுத்து மேசையில் போட்டுவிட்டேன்.

போட்ட பிறகுதான் உறைத்தது. பாய் கொத்தைக் கையில் எடுத்தார். வீட்டுச் சாவியில் கம்பெனி முத்திரை புதுசாக மின்னியது. அரமே படாத சாவி. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முத்திரை அடியில் போகும்படி திருப்பி மேசையில் வைத்தார்.

"ஆமாங்க," என்றார் வந்தவரிடம். "நான் போட்டதுதான்."

மதுக்கரைக்காரர் சாவியைக் கொடுத்தார். பாய் அராவினார். முதல் சாவி வீணானது. அதை டப்பாவில் போடவில்லை. நல்ல சாவியோடு சேர்த்து அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினார்.

"சார்," என்றார் பாய். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதேயில்லை. "ஸ்டூலு கஸ்டமருக்கு வேணுங்க."

மேசையைச் சுற்றி யாரும் இல்லை. எழுந்தேன். எழும்போது கண் டப்பாவுக்குப் போனது. அதையும் அவர் பார்த்துவிட்டார்.