செம்புக் கம்பி கட்டிய சக்கரம்

பெடலை மிதித்து வேகம் பிடித்த அலெக்சாண்டர் கிளட்சை விட்டதும் இஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையின் பெயர்ந்துபோன ரோட்டில் புகையைக் கக்கியபடி வண்டி போனது. பழைய சைக்கிளில் இஞ்சின் பொருத்தியதுதான், ஆனால் பார்த்தால் நூறு வருஷத்துக்கு முந்தைய மோட்டார் வண்டி என்றே சொல்லத் தோன்றும். பாருக்குக் கீழே தோல்வார் போட்டுக் கட்டிய நீளமான டாங்கு, ஸ்பிரிங் சீட்டு, ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைத்த ஹேண்டில்பார். முனைப் புங்கமரத்தைத் தாண்டுவதற்குள் பின்சக்கரத்தில் டிங், டிங் என்று சத்தம் கேட்டது. ஷெட் வாசலில் நின்ற நிர்மலா கண்ணை மூடிக்கொண்டாள். சக்கரத்தின் ஆரக்கம்பி அறுகிறது.

அலெக்சாண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஷெட்டின் வெல்டர் அவர். முதலாளி கோபிநாத்துக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். அதனால் அவனைக் கிண்டலாக, பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்பதுபோல, "முசே" என்றுதான் கூப்பிடுவார்.

"முசே, உங்க குதிரைக்கு மறுபடியும் கால் ஒடிஞ்சிடுச்சு."

கோபிநாத் சிரிக்கவில்லை. பிரெஞ்சுத் தெரு ஓட்டல் ஒன்று இப்படி ஆறு வண்டி கேட்டிருந்தது. சனிக்கிழமை ஆள் வந்து ஓட்டிப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் ஷெட்டை மூட வேண்டியதுதான் என்று அவன் போனில் யாரிடமோ சொன்னதை நிர்மலாவும் கேட்டிருந்தாள். சக்கரத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த ரிம் கம்பெனி மூடிய பிறகு அவளுக்குக் கிடைத்த ஒரே வேலை இது.

"என்னாக்கா இது? போன வாரந்தானே புதுசா கட்டுனீங்க."

"நான் என்னா பண்றது தம்பி? பல்சக்கரத்தக் கம்பி மேலயே ரப்பர் வச்சு முறுக்குறீங்க. இஞ்சின் இழுக்குற இழுப்பு பூராவும் கம்பி மேலதான் வருது. மெல்லிசு கம்பி தாங்குமா?"

"பின்னாடி அந்தப் பழைய சக்கரமெல்லாம் கெடக்குதே. அதுல கெட்டியா ஒண்ணு பாருங்க. அந்தக் காலத்து சாமான் தாங்கும்."

பொங்கல் கழிந்ததும் ஒரு லாரி நிறைய வந்து இறங்கிய சைக்கிள்களின் சக்கரங்கள் அவை. துருவைத் துடைக்கக்கூடாது, அந்தப் பழசுக்குத்தான் காசு என்று கோபிநாத் முதல் நாளே சொல்லிவிட்டான். வந்த வேகத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார்கள். பாடி அலெக்சாண்டர் பக்கம், சக்கரம் பின்பக்கம். எது எதோடு வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஒன்றின் கேரியரில் குழந்தை சீட்டு இருந்தது. ஒன்றின் ஹேண்டிலில் சாப்பாட்டுப் பை தொங்கியது. உள்ளே டப்பா மூடி துருப்பிடித்து ஒட்டிப் போயிருந்தது. ஒரு பாடியை அறுத்தபோது சீட்டுக் குழாய்க்குள்ளிருந்து நீலப் பொடி கொட்டியது. இரண்டு நாள் அலெக்சாண்டருக்கு எச்சில்கூட நீலமாக வந்தது. "கிருஷ்ணர் ஆயிட்டேம்மா. சாமியார் கோயில்ல சேக்க மாட்டாரு," என்று சொல்லித் துப்பினார்.

பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் சரிவுக்குக் கீழே உச்சிவெயிலிலும் அரை இருட்டு. நிர்மலா குனிந்து ஒவ்வொரு சக்கரமாக இழுத்து அழுத்திப் பார்த்தாள். காற்றே இல்லை. ஆனாலும் குவியலுக்குள் எங்கோ ஒரு சக்கரம் மெல்லச் சுற்றுகிற கிறீச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கையை எடுத்தால் நின்றது. மறுபடி கையை வைத்தால் கேட்டது. தன் கைபட்டுத்தான் சுற்றுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடியில் கிடந்த ஒன்றில் எவ்வளவு அழுத்தியும் கம்பி அசையவே இல்லை, அவ்வளவு இறுக்கம். அதை இழுத்து வந்து பெண்டு எடுக்கும் ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிவிட்டாள். நீளமாகச் சுற்றி ஓய்ந்தது. திரும்பச் சுற்றினாள். முதலில் நின்ற இடத்திலேயே வந்து நின்றது. எதிர்ப்பக்கமாகச் சுற்றினாலும், அதே இடம் கீழே வந்து, இரண்டு தரம் ஊசலாடி நின்றது. அங்கே ஏதோ கனம் இருக்கிறது. துணியால் துருவைத் தேய்த்தாள். கம்பியும் கம்பியும் குறுக்கிடும் இடங்களில் செம்புக் கம்பி சுற்றி ஈயம் வைத்திருந்தது. அந்த ஓரிடத்தில் மட்டும் ஈயம் அதிகமாகிக் கட்டி தட்டியிருந்தது.

அவள் கை துணியோடு நின்றுவிட்டது.

அவள் இடதுகைக்காரி. மற்றவர்கள் கம்பியை முறுக்கினால் முறுக்கு ஒரு பக்கம் சாயும். அவள் முறுக்கினால் எதிர்ப்பக்கம் சாயும். ரிம் கம்பெனியில் இதற்காகவே மேஸ்திரியிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். இந்தச் சக்கரத்தில் அத்தனை முறுக்கும் எதிர்ப்பக்கம்தான் சாய்ந்திருந்தது.

அவள் புருஷன் கலைவாணன் சாயக் கம்பெனியில் கழிவுத்தொட்டி வேலை பார்த்தான். சாய மருந்து கேனைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு அலைவான். மாசத்துக்கு ஒரு தரம் கம்பி அறுந்துபோகிறது என்று எரிந்துபோன ஃபேன் காயிலைப் பிரித்து அவள்தான் இப்படிக் கட்டிக் கொடுத்தாள். "நான் செத்தாலும் இந்த வீல் சாவாதுடி," என்று அவன் தூக்கித் தரையில் தட்டிக் காட்டினான்.

ஒரு நாள் காலையில் அந்த சைக்கிளில் வேலைக்குப் போனவன் நெல்லித்தோப்பு வீட்டுக்குத் திரும்பவில்லை. கம்பெனி கேட்டில் கேட்டாள். அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை என்றார்கள். போலீசில், "ஆளயும் காணோம், சைக்கிளயும் காணோம்னா எங்கயோ கெளம்பிட்டான்னுதானேம்மா அர்த்தம்," என்றார்கள். பண்ருட்டி பஸ்ஸில் ஒருத்தியோடு பார்த்ததாக நாத்தனார் சொன்னாள். பத்து வருஷத்துக்கு மேலாகிறது. சில நாள் நிர்மலாவும் அதை நம்பினாள். நம்புகிற நாளில் நெற்றியில் பொட்டு இருக்காது. மறுநாள் இருக்கும்.

அலெக்சாண்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். "என்னாம்மா, ஒண்ணு தேறிச்சா?"

"அண்ணே, இந்த லோடு எங்கேர்ந்து வந்துச்சு?"

"பின்தெருவுல மூடுன சாயக் கம்பெனிய இடிக்கிறாங்கல்ல, அங்கேர்ந்துதான். ஸ்டாண்டுல கேக்க ஆளில்லாம கெடந்ததாம்."

"இந்தச் சக்கரத்தோட பாடி எது?"

அலெக்சாண்டர் திரும்பிப் பார்த்தார். ஆறு வண்டிகளும் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே கறுப்பு. "அதுலதான் எதுலயாச்சும் இருக்கும். ஒண்ணோட முன்பக்கம், ஒண்ணோட பின்பக்கம்னு அறுத்து ஒட்டியாச்சே. நம்பரையும் முசே தேச்சிடச் சொல்லிட்டாரு. ஏன்?"

"இது அவரு வண்டிண்ணே."

"எவரு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தி, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். தன் கையை ஒரு தரம் விரித்துப் பார்த்தார்.

கோபிநாத் எட்டிப் பார்த்தான். "கெட்டியா இருக்குதுல்ல? அதயே மாட்டிடுங்கக்கா."

"மாட்ட முடியாது தம்பி. இது வேற வண்டியோடது."

"எல்லாமே வேற வண்டியோடதுதானேக்கா," என்று சிரித்தான். அலெக்சாண்டர் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. "அக்கா, போலீசு அது இதுன்னு போயிடாதீங்க. பில்லு இல்லாம வாங்குன லோடு. நான் மாட்டுவேன். இந்த ஷெட்டும் இருக்காது, உங்க வேலயும் இருக்காது. ஒரு சக்கரத்த வச்சு என்னா சொல்லுவீங்க?"

நிர்மலா சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ரோடு லேசான இறக்கம். அவள் பிடித்திருந்தாலும் சக்கரம் கைக்கு முந்திக்கொண்டே போனது. பின்தெருவுக்குத் திரும்ப வேண்டிய முனையில் அது தானாகச் சாய்ந்ததுபோல இருந்தது.

சாயக் கம்பெனிக்குச் சுவர் பாதிதான் மீதி. கேட்டில் கிழவர் பாவாடை உட்கார்ந்திருந்தார். முன்பு சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டவர், இப்போது வாட்ச்மேன். சக்கரத்தைப் பார்த்ததும் நீட்டியிருந்த காலை இழுத்துக்கொண்டார்.

"கலைவாணன் பொஞ்சாதிதானே நீ?"

"அன்னிக்கி அவரு வேலைக்கு வரலன்னு சொன்னீங்களே பெரியவரே."

"நானா சொல்லல. சொல்லச் சொன்னாங்க." துண்டின் நூலைப் பிடுங்கினார். "ஷிப்டு உட்டு எல்லாரும் போயிட்டாங்க. ஒரு வண்டி மட்டும் நின்னுச்சு. ஆபீஸ்லேர்ந்து வந்து, அத உள்ள தள்ளிப் பழசோட பழசாப் போட்டுடுன்னாங்க. போட்டேன்."

"அவரு எங்க?"

பாவாடை முகவாயால் உள்பக்கம் காட்டினார். பிறகுதான் சொன்னார்: "அவன் எறங்குன கழிவுத்தொட்டி அங்கதான் இருந்துச்சு. மறுநாளே மண்ணக் கொட்டி காங்கிரீட்டு போட்டுட்டாங்க. ஞாயித்துக்கெழமைன்னுகூடப் பாக்கல."

"போலீசுல வந்து சொல்றீங்களா?"

"இன்னும் அவங்க சம்பளந்தான்மா திங்கிறேன். என் பேர இழுக்காத."

நிர்மலா உள்ளே போனாள். சக்கரத்தை அவர் காலடியிலேயே விட்டுவிட்டது அவளுக்குத் தெரியவில்லை. மருந்து தின்ற தரை எங்கும் வெடித்து நீலம் பாரித்துக் கிடந்தது. நடுவில் ஒரு காங்கிரீட்டுச் சதுரம் மட்டும் வழவழவென்று வெடிப்பில்லாமல் இருந்தது. கட்டடம் இடிக்கிறவர்கள் வட்டமாக அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்த ஒருவன் அதிலேயே ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"வாக்கா, யாரப் பாக்கணும்?" என்று கேட்டபடி ஒருத்தி தூக்குவாளியை நகர்த்தி இடம் பண்ணினாள். "உக்காரு. இங்கதான் குளுமையா இருக்கும். எந்த வெயில்லயும் இந்த எடம் மட்டும் சுடாது."

நிர்மலா விளிம்பில் நின்று செருப்பைக் கழற்றினாள்.

"ஐயோ, கழட்டாத. கண்ணாடித்துண்டு கெடக்கும், போட்டுக்க."

தூங்கிக்கொண்டிருந்தவன் புரண்டு, இன்னொரு காதைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டான்.