இன்றைய கட்டம்

டாக்டர் அறைக்கு வெளியே சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து, இஸ்திரிக் கடைக்காரி மூன்று பேனாக்களால் பொய் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரே பேனா என்றால் ஒரே மூச்சில் எழுதியது தெரிந்துவிடும் என்கிற அளவுக்கு விவரமானவள். நீலம், கறுப்பு, நடுவில் ஒரு பச்சை. பதினைந்து நாளைக்கு முன் டாக்டரம்மா கொடுத்த தாள் அது. தூக்க மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்க வேண்டும். அந்தந்த ராத்திரி மகள் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று கட்டத்தில் குறிக்க வேண்டும். மருந்தில்லாமல் தூங்கினால் நிறுத்திவிடலாம். அவள் ஒரு நாளும் விடவில்லை. விட்டதாகக் காட்டிய நாட்களிலெல்லாம் இரண்டு மணி, இரண்டு மணி என்று எழுதிக்கொண்டே போனாள்.

பக்கத்தில் மகள். ஏழு வயது, பேச்சு வரவில்லை. தெருவே சுண்டெலி என்று கூப்பிடும். மருந்துக்கு முன்பெல்லாம் ஓரிடத்தில் நிற்காத கால்; சுவிட்சைக் கண்டால் விளக்கைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு. ராத்திரி இரண்டு மணி நேரம் தூங்கினால் அதிகம். கணவன் வெளியூர் வேலைக்குப் போனவன், போனில் மட்டும் அப்பா. அவளோ பகலில் நின்றபடியே தூங்கினாள். ஒரு நாள் சூடான இஸ்திரிப் பெட்டியைத் தன் முன்கையிலேயே வைத்துவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. அவள் கண் அசந்த பத்து நிமிஷத்தில் பிள்ளை தாழ்ப்பாளைத் திறந்து நடுரோட்டுக்குப் போய்விட்டது. லாரிக்காரன் எவனோ புண்ணியவான், பிரேக் போட்டான். அதன் பிறகுதான் மருந்து. தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? இந்த மருந்து நின்றால் இரண்டு பேரில் ஒருவர் மிஞ்சமாட்டார் என்று அவள் நிச்சயமாக நம்பினாள்.

உள்ளே டாக்டரம்மா தாளை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"இன்னைக்கு என்ன தேதிம்மா?"

சொன்னாள். சொன்ன வாய் மூடவில்லை. எழுதிய வேகத்தில் இன்றைய கட்டத்தையும் நிரப்பியிருந்தாள். இன்னும் வராத ராத்திரியில் மகள் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் காம்பை வெளியே விட்டுவிட்டாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தொலைத்திருக்கலாம்.

"தினமும் குடுக்குறீங்களா?"

"ஆமா டாக்டர்."

"பகல்ல எப்படி இருக்கா?"

"சமத்தா இருக்கா."

யாராவது அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்களா என்று ஏழு வருஷம் ஏங்கியவள். இப்போது துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். வைத்த இடத்தில் மகள் உட்கார்ந்திருக்கிறாள், துணி மூட்டையோடு ஒரு மூட்டையாக.

"சிரிக்கிறாளா?"

அவள் மேஜை மேலிருந்த தாளை இழுத்து மடித்தாள்.

"நிறுத்திடாதீங்க டாக்டர். நான் ஒருத்தி. எத்தனை நாள் முழிச்சிருப்பேன்? இவளும் எனக்கு வேணும், தூக்கமும் வேணும். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

மகளின் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில் நாலு சுவிட்சுகள். சின்னக் கை ஒன்று மெல்ல எழுந்து போய் முதல் சுவிட்சின் மேல் விரலை வைத்தது. வைத்தபடியே நின்றது. தொடாதடி, தொடாதடி என்று இத்தனை வருஷமாகக் கத்திய அம்மா நாற்காலியிலிருந்து இறங்கி, தரையில் முட்டி போட்டாள்.

"அணைடி கண்ணு," என்றாள். "ஒரே ஒரு தடவை."

டாக்டரம்மாவும் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அங்கேயே இருந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.