முதல் வாய்ச் சோறு

…ஆற்றுப்பாலம் தாண்டட்டும், தாண்டியதும் சொல்லிவிடலாம் என்றுதான் வேதமுத்து ஐயர் நினைத்திருந்தார், கல்லிடைக்குறிச்சியில் காரை ஓரங்கட்டச் சொல்லி, டீ குடிக்கிற சாக்கில் மனைவி பிரிஸில்லாவைத் தனியாகக் கூப்பிட்டு, இங்க பாரு, பதறாமக் கேளு, எனக்கு உணவுக்குழாயில ஒரு கட்டி இருக்காம், அது நல்ல கட்டி இல்லியாம்… ஆனால் பாலமும் போய்விட்டது, கல்லிடைக்குறிச்சியும் போய்விட்டது, டீக்கடைகளும் அப்பளக்கடைகளும் பின்னால் ஓடி மறைந்துவிட்டன, சொல்ல வாயைத் திறந்தால் ஏப்பம்தான் வருகிறது. இந்தப் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்பதுதான் வழக்கம், முப்பது வருஷமாக அவர் ஐயர், அதாவது முப்பது வருஷமாகப் பிறருக்கு ஆறுதல் சொல்லுகிற உத்தியோகம். அடுத்தவன் வீட்டு நோய்க்கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வார்த்தை மடை திறந்து கொட்டும், எதற்கும் கலங்காதிங்க, மறைக்காதிங்க, வீட்டாளுகிட்ட மனசு விட்டுப் பேசுங்க… பேசேன் வே, இப்போது பேசேன் பார்ப்போம்! முன் ஸீட்டில், அவர் மாற்றலாகிப் போகிற புதுச்சபையின் கமிட்டி மூப்பர் தேவமணி அண்ணாச்சி, அவர் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி டிரைவர் ஜெபஸ்டின், பின் ஸீட்டில் இவரும் மடியில் ஒயர்கூடையோடு பிரிஸில்லாவும். தங்களுடைய ஐயரைத் தாங்களே வண்டி கொண்டுவந்து கூட்டிப்போவது அந்த ஊர்க்காரர்களுக்கு முறை, பஸ்ஸில் வருகிறேன் என்றால் விடமாட்டார்கள், கதவை அண்ணாச்சியே திறந்து, அண்ணாச்சியே மூடினார், அந்தச் சத்தம் ஏனோ இன்னும் காதில் கிடக்கிறது.

எப்படித் தொடங்கியது இந்தக் கூத்து? ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில்தான். அந்த நாட்களில் ஒரு வேளை உபவாசம் இருப்பது சபையில் பலருக்கும் பழக்கம், அவருக்கும் பழக்கம், ஆனால் இந்தத் தடவை உபவாசம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தாலும் சோறு நெஞ்சுக்குழியில் வந்து நின்றுகொண்டு கீழே போகமாட்டேன் என்று அடம்பிடித்தது, தண்ணீர் குடித்துத் தள்ளினால் தண்ணீரும் சேர்ந்து மேலே வந்தது. ஒரு வீட்டுக்கு ஜெபம் பண்ணப் போன இடத்தில் இலையைப் போட்டார்கள், வேண்டாம்மா என்றார், உபவாசமாய்யா என்று கேட்டாள் அந்த வீட்டம்மா, அவர் ஆமாம் என்று சொல்லவில்லை, சத்தியமாய்ச் சொல்லவில்லை, தலையைக் குனிந்தார், அவ்வளவுதான், ஊர் வாயை மூட உலைமூடி ஏது! ஈஸ்டர் வந்தது, ஊரே பிரியாணி தின்றது, அவர் தட்டைத் தொடவில்லை, பண்டிகைக்கும் ஐயரு உபவாசத்த விடலியே என்று ஆரம்பித்து, அவிய ஜெபத்துலயே வாழுதாவ, சோறு தேவப்படல என்கிற மட்டும் போயிற்று. அங்கி தொளதொளத்தது, கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் விடலாம் போலாயிற்று, அதைப் பார்த்துவிட்டு, ஐயா முகத்துல ஒரு ஒளி வந்திருக்கு என்றார்கள். ஒளியாவது மண்ணாவது, ரத்தம் செத்த வெளுப்பு அது! மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும், முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும், இரண்டாம் நாள் சொல்லியிருந்தால் கொஞ்சம் வெட்கம், அப்புறம் போகப்போக, புலி வாலைப் பிடித்த கதைதான். அதுவும் உண்மையைச் சொல்லவேண்டுமானால், அவர்கள் அப்படிப் பேசியபோது மனசின் ஒரு மூலையில் இனிக்கவும் செய்ததே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பாளையங்கோட்டையில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் நல்ல மனுஷன், சின்ன வயசு, கூட யாரும் வரலியா சார் என்று இரண்டு தடவை கேட்டார், அடுத்த முறை வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க, தள்ளிப்போடாதீங்க, வேலூருக்கு எழுதித் தாரேன் என்றார். அந்த அடுத்த முறை இன்னும் வரவில்லை. அன்றைக்கு வீட்டில் சொன்னது, டயோசீஸ் ஆபீஸில் ஒரு மீட்டிங். பொய் சொன்ன நாக்கோடு மறுநாள் பீடத்தில் நின்று பாத்திரத்தை உயர்த்தினார், எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சிய திராட்சரசத்தைக் குருவானவர்தான் குடித்துத் தீர்க்கவேண்டும், கீழே ஊற்றக்கூடாது, சொட்டுச் சொட்டாய், கண்ணில் நீர் கோத்து, அவர் குடித்து முடிக்கும்வரை சபை முழங்காலில் நின்றது, ஐயா அழுது குடிச்சாவ என்று வெளியே பேசிக்கொண்டார்கள். சரி, இப்போது சொன்னால்தான் என்ன? சொன்னால்… மெடிக்கல் லீவ், இந்தச் சேகரத்துச் சபைகளுக்கு வேறு ஆள், அவ்வளவுதான், யாரும் கெட்டவர்களில்லை, இரக்கத்தோடுதான் செய்வார்கள். ஆனால் எங்கே போய்ப் படுப்பது? ஐயருக்கு ஏது சொந்த வீடு, ஆண்டவர் கொடுத்த பங்களா, ஊருக்கு ஊர் பங்களா, இத்தனை வருஷத்தில் ஒரு சுவரில்கூட நம் சுவர் என்று ஆணியடித்ததில்லை. பழைய பங்களாச் சாவியைக் காலையில் கோயில் உபதேசியார் கையில் கொடுத்தாயிற்று, புதுச் சாவி தேவமணி அண்ணாச்சியின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு தெரிகிறது, கட்டிலும் பீரோவும் லாரியில் முன்னால் போய்விட்டன, நடுவில் இந்தக் கார் ஒன்றுதான் வீடு, அதற்கும் கண்ணாடி ஏற்றிவிட்டிருக்கிறார்கள், ஏசி போட்டிருக்காம். 

சேரன்மகாதேவி தாண்டிக் களக்காட்டு ரோட்டில் திரும்பியதும் அண்ணாச்சி முழுசாகப் பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "ஐயாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். எங்க ஊருல ரெண்டு கோஷ்டி, தெரியும்லா? மணிக்கூண்டு எந்த மூலையில கட்டுததுன்னு ஆரம்பிச்ச சண்டை, அண்ணன் தம்பி முகத்துல முழிக்கதில்ல. அசனமே நின்னு போச்சு ஐயா." அசனம் என்றால் ஊர்ச்சபை மொத்தமும் ஆணும் பெண்ணும் ஏழையும் பணக்காரனும் ஒரே பந்தியாய் உட்கார்ந்து உண்ணுகிற சோறு, அது நின்றுவிட்டதென்றால் அந்த ஊரில் கோயில் இருந்தென்ன இல்லாவிட்டால் என்ன… "எந்த ஐயரு பேரச் சொன்னாலும் ஒரு கோஷ்டி வேண்டாம்பான். உங்க பேரச் சொன்னதும் ரெண்டு பேரும் வாயடைச்சுட்டானுவோ. உபவாச ஐயரு வந்தா நாங்க வாரோம்னுட்டாவ. இன்னைக்கு அசனம் வச்சிருக்கு." அவர் சந்தோஷமாய்ச் சிரித்தார், பாவம், கண்கூடக் கலங்கியிருந்தது. "அதுல ஒண்ணு ஐயா, நீங்க மட்டும் பட்டினியா வரும்போது நாங்க எப்பிடித் திங்கன்னு, ஊரே காலையிலயிருந்து உபவாசம். பச்சத்தண்ணி பல்லுல படல, பிள்ளைக முதக்கொண்டு. நீங்க உங்க உபவாசத்த முடிச்சு முதல் வாய்ச் சோறு வச்சாத்தான் பந்தியில யாரும் கை வைப்பாவ."

என்னது… ஐயருக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது, விழுந்து விழுந்து சிரிக்கலாம் போல. பிள்ளைகள் முதல்கொண்டா, அட பாவிகளா, யார் சொன்னது உங்களை! வாயைத் திறந்தார், அண்ணாச்சி, நான் உபவாசமே இல்ல… என்று தொண்டை வரை வந்தது, அதற்குள் ஜெபஸ்டின் ஸ்டியரிங்கில் இருந்தபடியே, "நானும் ஒண்ணும் சாப்பிடலய்யா, மொத தடவையா இருக்கேன், தலை சுத்துது, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றான், "பைய ஓட்டுலே, தலை சுத்துதுன்னு சொல்லிக்கிட்டே பறக்க" என்று அண்ணாச்சி அவன் தோளில் தட்டினார், இருவரும் சிரித்தார்கள், வந்த வார்த்தை வந்த வழியே போய்விட்டது. வார்த்தை மட்டும் எவ்வளவு சுலபமாய் உள்ளே இறங்குகிறது.

வயலும் வாழையும் பின்தங்கி, வள்ளியூர் தாண்டியதும் மண் சிவந்து, காற்று காரைப் பிடித்துத் தள்ளியது, ஆனிமாதக் காற்று, பனைகள் ஒரே பக்கமாய்த் தலைவிரித்து நின்றன, காற்றாலைகள் ஒன்றுபோலச் சுற்றின, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல். பிரிஸில்லா அவருடைய கையைத் தொட்டாள், "கொஞ்சம் குடிக்கியளா?" என்று ஒயர்கூடையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தாள், கஞ்சித்தண்ணி, துணியில் வடிகட்டி உப்புப் போட்டது. உபவாசக்காரரு கஞ்சி குடிக்கலாமா என்று அண்ணாச்சி நினைப்பாரே என்று இவர் கண்ணால் காட்டினார், அவள் அதைத் திரும்பக் கூடைக்குள் வைத்துக்கொண்டாள். இவள் ஒன்றுமே கேட்பதில்லை. லெந்து முடிந்த பிறகும் அவர் தட்டில் சோறு வைக்காமல் ரசத்தை வடிகட்டி டம்ளரில் கொண்டுவந்தாள், வாழைப்பழத்தை மசித்துத் தந்தாள், படுத்தால் எதுக்களிக்கிறது, வாயுத்தொல்லை என்று சொன்ன அன்றைக்கே தலைமாட்டில் இரண்டாவது தலையணை வந்துவிட்டது, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. பக்திமான் பெண்டாட்டி! இவளும் நம்பிவிட்டாளே என்று பல நாள் அவருக்கு உள்ளுக்குள் கோபம்கூட வந்திருக்கிறது, ஊர் நம்பட்டும், ஊருக்கு என்ன தெரியும், கூடப் படுக்கிறவளுக்குக் கூடவா தெரியாது, என்னை அடித்து உலுக்கி என்ன செய்யுது உங்களுக்கு என்று கேட்கக்கூடாதா, கேட்டால் சொல்லிவிட மாட்டேனா? கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருப்பாயாக்கும், போ வே! அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

மேளச் சத்தத்தில் கண்ணைத் திறந்தபோது ஊர் வந்திருந்தது. மாலை, கும்பிடு, ஸ்தோத்திரமய்யா, ஸ்தோத்திரம், கைகள் கைகள், உதடு காய்ந்த முகங்கள், காற்றில் படபடவென்று அடித்துக்கொள்கிற சாமியானா, அதன் அடியில் நீளமாய் இலைகள், வெள்ளைச் சோறு, ஓரத்தில் அண்டா அண்டாவாய்க் கறிக்குழம்பு, அந்த வாசனை! ஐயோ, பசித்தது, அதுதானே கொடுமை, பசி போகவில்லையே, வழிதானே அடைபட்டிருக்கிறது. முதல் இலை அவருக்கு, எதிர்வரிசையில் பெண்கள் பந்தி, அங்கே முதல் இலை பிரிஸில்லாவுக்கு. மணிக்கூண்டுச் சண்டைக்காரர்கள் இவரா அவரா என்று தெரியவில்லை, தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். பிரிஸில்லாவின் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் இலைக்கு மேல் விரலை வைத்துவைத்து எடுத்தாள், அவள் அம்மா அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தாள். இப்போது சொல்லலாம், எழுந்து நின்று, அன்பானவர்களே, நான் உபவாசம் இருக்கவில்லை, நான் நோயாளி… சொன்னால் என்ன ஆகும், இந்தப் பிள்ளை எப்போது சாப்பிடும், நோயாளி ஐயரையா நம்ம தலையில கட்டினிய என்று ஒரு கோஷ்டி எழுந்திருக்கும், அவர்களோடு உட்காரமாட்டோம் என்று மறு கோஷ்டி, சோறு இலையிலேயே காயும்.

ஜெபம் பண்ணினார். நீட்டினார், மழைக்காக, தேசத்துக்காக, தேர்வு எழுதின பிள்ளைகளுக்காக, வியாதிப்படுக்கையில் இருப்பவர்களுக்காக என்று வந்த இடத்தில் குரல் நின்றது, அவர் இருமி, மேலே போனார், இதற்குமேல் நீட்ட ஒன்றுமில்லை, ஆமென். ஆமென் என்றது பந்தி. அவர் சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்தார், மாவாகப் பிசைந்தார், கோலி அளவுக்கு உருட்டி, வாயில் வைத்தார்.

அவ்வளவுதான், பந்தி முழுக்க ஒரே நேரத்தில் கை இலையில் இறங்கிய சத்தம், அப்பாடா என்று யாரோ சொல்ல, யாரோ சிரிக்க, குழம்பு வாளி இங்கன கொண்டாலே என்று ஒரு குரல், அந்தச் சின்னப் பெண் இரண்டு கன்னமும் உப்ப மெல்லுகிறாள், தோளிடித்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் அடுத்தவர் இலைப்பக்கம் உப்பைத் தள்ளிவைக்கிறார், பார்க்கிறாயா ஆண்டவரே, நடந்துவிட்டது, உன் காரியம் நடந்துவிட்டது, என் காரியம்தான் நாக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மென்றார், மென்றுகொண்டே இருந்தார், துப்பினால் எல்லோர் கண்ணும் இங்கே, விழுங்கினால் எல்லோர் முன்னாலும் மேலே வரும். எல்லாக் கையும் ஓடுகிற பந்தியில் ஒரு இலையில் மட்டும் சோறு ஆவி பறந்தபடி தொடாமல் கிடப்பது ஓரக்கண்ணில் பட்டது. பிரிஸில்லாவின் இலை. அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, இலையைப் பார்க்கவில்லை, கழுத்துப்பட்டைக்கு மேலே தொண்டை மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது ஏறி இறங்குமா என்று. மடியில் ஃபிளாஸ்க். மூடியை முன்னமே கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அப்படியானால்… அந்த வடிகட்டின ரசம், மசித்த பழம், இரண்டாவது தலையணை… எத்தனை நாளாக இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்? நான் சொல்லட்டும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாளா, அவள் கேட்கட்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்ததுபோல? "கறி வைக்கட்டுமாய்யா?" என்று தேவமணி அண்ணாச்சி வாளியோடு குனிந்து நின்றார். வாயில் சோறு அப்படியே இருந்தது.