அடைக்கலத்துக்கு விடை கொடுங்கள்

கொடைக்கானல் மழைக்கு எந்த மனுஷன் பேர் மேலும் மரியாதை கிடையாது. துரை என்று பார்க்காது, கூலிக்காரன் என்று பார்க்காது. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் செல்வமேரி தன் புருஷனின் மரச்சிலுவையைத் துடைத்து, கருப்புப் பெயின்டில் 'அடைக்கலம்' என்று எழுதிவிட்டு வருவாள். கார்த்திகை மழையிலேயே அது வெளுக்கத் தொடங்கும். ஆடிச் சாரல் வரும்போது பாதி எழுத்துதான் மிச்சம். மழை படாத ஓர் இடத்தில் அந்தப் பேர் இருக்க வேண்டும், அவளுக்கு அதைத் தவிர வேறு ஆசை இல்லை. அந்த இடம் எது என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் உயிரைக் கொடுத்து எழுதிய புரோகிராம் ஓடுகிற கம்ப்யூட்டர் திரைதான் அது.

மெட்ராஸில் வைகறை கம்ப்யூட்டர்ஸ் என்று ஒரு கம்பெனி. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி. வெக்கை ஆகாது, தூசி ஆகாது, நாள் பூராவும் ஏசி ஓட வேண்டும். கம்பெனி முதலாளி யோசித்தார். கொடைக்கானலில் ஜன்னலைத் திறந்து வைத்தால் அதுவே ஏசி. ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவைப் பிடித்து மெஷின்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். பக்கத்துப் பேத்துப்பாறைக்காரனான அடைக்கலம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நிரந்தர வேலையை விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தான். சொந்தபந்தம் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டது.

அவன் எழுதியது ஆபரேட்டிங் சிஸ்டம். சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுந்து, எது எங்கே இருக்கிறது, யாருக்கு எப்போது முறை என்று வீட்டு மூத்த மருமகள் போல எல்லாவற்றையும் கவனிக்கிற புரோகிராம். அது சரியில்லை என்றால் மெஷின் வெறும் தகரப் பெட்டி. அவனும், அங்கே கூட வேலை பார்த்த இளையவன் மரியசெல்வமும் அதற்குப் பேர் எதுவும் வைக்கவில்லை. ஒன்று, ஒன்று புள்ளி ஒன்று என்று நம்பர்தான். "பொறக்கு முன்ன பேரு வைக்கக் கூடாது புள்ள. நல்லா நின்னு நடக்கட்டும், பெறவு வைப்போம்" என்பான் வீட்டில்.

அதற்குள் மெட்ராஸ்காரர்களுக்கு அவசரம். ஒன்று புள்ளி இரண்டில் ஒரு கோளாறு இருந்தது. டிஸ்க் நிரம்பிவிட்டால் இடமில்லை என்று சொல்லாமல், இருக்கிற கோப்பின் தலைமேலேயே புதுசை எழுதிவிடும். "இது இன்னும் விக்கிற பக்குவத்துல இல்லங்க, ரெண்டு மாசம் குடுங்க" என்று அடைக்கலம் டிரங்க் கால் போட்டுக் கெஞ்சினான். அவர்கள் விற்றார்கள். வாங்கினவன் எல்லாம் வயிற்றில் அடித்துக்கொண்டான். அடைக்கலம் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்து கோளாறைச் சரிபண்ணி, சரிபண்ணினதைத் தன் கையாலேயே திண்டுக்கல்லில் ஒரு மில்லுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தான். கோளாறு எதுவும் இல்லாமல் நின்றது. அந்தச் சந்தோஷத்தோடு திரும்பி வரும்போதுதான் மலைப்பாதையில் மழை. ஜீப் டம்டம் பாறைக்குக் கீழே உருண்டது.

கம்பெனி செல்வமேரிக்கு அதே பங்களாவில் வேலை போட்டுக் கொடுத்தது. ஃப்ளாப்பியில் காப்பி எடுப்பது, லேபிள் ஒட்டுவது, வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டால் பதில் சொல்வது. போனை எடுத்ததும் "வைகறை. செல்வமேரி அடைக்கலம் பேசுறேங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

எண்பத்தேழு மே மாதம், சீசன் நேரம் பார்த்து, மெட்ராஸிலிருந்து விற்பனைத் தலைவர் சேனாதிபதி வந்து இறங்கினார். அடைக்கலம் கடைசியாகச் சரிபண்ணி வைத்ததை இப்போதுதான் சந்தைக்குக் கொண்டுவரப் போகிறார்களாம், அதற்குப் பேர் வைக்க வந்திருக்கிறார். பேர் வைக்க ஆறு பேர்! பிள்ளையைப் பெற்றவன் கல்லறையில் கிடக்கிறான், பேர் வைக்க ஊரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். செல்வமேரி டீ கொண்டுபோய் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள்.

"முதல்ல நம்பர். இது ரெண்டுதானே?" என்றார் சேனாதிபதி.

"ஆமா சார்" என்றான் மரியசெல்வம்.

"பம்பாய்க்காரன் மூணுல நிக்கிறான். நாம ரெண்டுன்னு போய் நின்னா அவனுக்குத் தம்பி மாதிரி இருக்கும். நாலுன்னு போடு."

"அப்ப மூணு எங்க சார்?"

"யாருய்யா கேக்கப் போறா? மாடி ஏறும்போது ரெண்டு படி சேத்துத் தாண்டுறதில்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் பேருக்கு வந்தார்கள். ஒருவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டுக் குறிஞ்சி என்றார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வேலை செய்யும் என்று வாங்குகிறவன் நினைத்துக்கொள்வான் என்று அதைத் தள்ளினார்கள். இன்னொருவர் மேப்பில் ஒரு மலைக்கிராமத்தைப் பார்த்துக் கூக்கால் என்றார். வாயில் நுழையவில்லையாம். மேகம், பனி, அருவி என்று இருக்கிற இயற்கையை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, கடைசியில் சிகரம் என்று முடிவானது. சிகரம் நான்கு. திரையில் முதலில் ஒரு மலைமுகடு வரும், அதன் பின்னால் சூரியன் எழும். அந்தப் படத்தை வரைவதுதான் மரியசெல்வத்துக்கு வேலை. உள்ளே இருப்பது எல்லாம் அடைக்கலம் எழுதியது, ஒரு வரி மாறவில்லை.

செல்வமேரி இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது? கூட்டம் கலைகிற நேரம் சேனாதிபதி முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒரு விண்ணப்பம். அவுக பேரு அதுல எங்கயாச்சும் வரணும் சார்."

"மிஸஸ் அடைக்கலம், சிகரம்னு முடிவாயிடுச்சேம்மா."

அங்கேதான் அவள் வாய் அவளுக்கே குழி வெட்டியது. காலமெல்லாம் மடத்துச் சிஸ்டர்களிடமும் துரைசானிகளிடமும் கைகட்டி நின்று பழகிய வாய். கேட்கும்போதே பாதியைத் தானே குறைத்துக்கொண்டு கேட்கிற வாய்.

"புதுசுக்குத்தான் வேணும்னு இல்லைங்க சார். பழசுக்காச்சும் வைங்க. அவுக பேரு எதுலயாச்சும் இருந்தாப் போதும்."

சேனாதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பழசுக்கு!" என்றார். "அட! நல்ல யோசனைம்மா. நிச்சயமா வைக்கிறேன். அச்சுலயே வரும், பாருங்க."

பாவி மகள் அழுதுவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பேரில் பூசை வைத்தாள். பேக்கரியில் பன் வாங்கி, கோயில் வாசலில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரர் பேரைக் கம்ப்யூட்டருக்கு வைக்காக" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று தெரியாத பேத்துப்பாறைப் பெண்கள்கூட, "ஒம்புருஷன் பேரு இனி அழியாதுடி" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. விளம்பரத் தாள்கள். கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் செல்வமேரி சணலைப் பல்லால் கடித்து இழுத்தாள். வழுவழுப்பான தாள், கலர் அச்சு. மேலே அவன் பேர், சிலுவையில் அவள் எழுதுவதைவிடப் பெரிய எழுத்தில். பார்த்ததும் முத்தமிட்டாள். அப்புறம்தான் முழுசாகப் படித்தாள்.

'அடைக்கலத்துக்கு விடை கொடுங்கள்! சிகரம் ஏறுங்கள்!'

கீழே சின்ன எழுத்தில் விவரம் இருந்தது. உங்களிடம் இருக்கும் பழைய பதிப்பு 'அடைக்கலம்'. அதில் கோப்புகள் அழிந்துபோகும் குறைகள் உள்ளன. அந்தக் குறை ஒன்றுகூட இல்லாத புத்தம் புதிய படைப்பு சிகரம் நான்கு. இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு படம். நொண்டிக்கொண்டு நிற்கிற கழுதை ஒன்று, அதன் முதுகில் கம்ப்யூட்டர்.

செல்வமேரி அந்தத் தாளைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மரியசெல்வம் வந்து பார்த்துவிட்டு, "நாசமாப் போறவனுக" என்று மட்டும் சொன்னான். வேறு என்ன சொல்வான், சம்பளம் வாங்குகிறவன்.

அன்றைக்கே மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டாள். சேனாதிபதி கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூட ஆறியிருக்கும்.

"நீங்கதானே மேரி கேட்டீங்க?" என்றார். மிஸஸ் அடைக்கலம் என்று கூப்பிட்டவர் இப்போது மேரி என்கிறார்.

"இப்படியா சார் கேட்டேன்?"

"யோசிச்சுப் பாரும்மா. ஒன்னு புள்ளி ரெண்டை எவனாவது திட்ட முடியுமா? நம்பரைத் திட்டினா மனசு ஆறாது. கம்பெனியைத்தான் திட்டுவான். பழசுக்குன்னு ஒரு பேர் இருந்தா, கோபத்தையெல்லாம் அது மேல கொட்டிட்டு நம்மகிட்டயே புதுசு வாங்குவான். இதான் வியாபாரம்."

"விக்க வேணாம்னு அவுக தலையால அடிச்சுக்கிட்டாக. வித்தது நீங்க. சரிபண்ணுனதும் அவுகதான். நீங்க சிகரம்ங்கிறீங்களே, அது பூராவும் அவுக எழுதுனது!"

"அதையெல்லாம் விளம்பரத்துல போட முடியுமாம்மா?" என்றார் அவர். குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. "போனவர் போயிட்டார். அவருக்கு ஒன்னும் வலிக்காது. கம்பெனிக்கு வலிக்கும்."

செத்தவனுக்கு வலிக்காதாம்! எரிகிற வீட்டில் பிடுங்கின மட்டும் லாபம் என்பார்கள். இவர்கள் எரிந்து முடிந்த வீட்டில் கரியையும் அள்ளி விற்றுவிட்டார்கள்.

அதற்கப்புறம் போன் ஓயவில்லை. நம்பராக இருந்தவரை வாடிக்கைக்காரர்கள் "உங்க மெஷின் மக்கர் பண்ணுது" என்றுதான் சொல்வார்கள். இப்போது பேர் கிடைத்துவிட்டது அல்லவா? திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர், "அடைக்கலம் என் குடியைக் கெடுத்துட்டானுங்க" என்றார். மெஷினைச் சொல்கிறாரா, மனுஷனைச் சொல்கிறாரா? "அந்தச் சனியனைத் தூக்கிட்டு வேற அனுப்புங்க" என்றார் இன்னொருவர். அவள் ஒவ்வொரு தடவையும், "அடைக்கலத்தை எடுத்துட்டு சிகரம் போடுங்க சார், சரியாயிரும்" என்று சொல்ல வேண்டும். மெட்ராஸிலிருந்து எழுதி அனுப்பிய வாசகம் அது. சொல்லி முடித்துவிட்டு அடுப்படிக்குப் போய் வாயைக் கொப்பளிப்பாள்.

கரூர் சாயப்பட்டறைக்காரர் ஒருநாள் கூப்பிட்டார். கட்டைக்குரல். எடுத்த எடுப்பிலேயே, "அந்த அடைக்கலம்ங்கிற எழவை எந்த மடையன்மா எழுதுனான்?" என்றார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. எத்தனை நாள்தான் பொறுப்பாள்? "மரியாதையாப் பேசுங்க. அவுக தப்புப் பண்ணலை. நீங்க வாங்கப் போற சிகரமும் அவுக எழுதுனதுதான். அதே ஆளு, அதே வேலை. முதல்ல வர்ற மலைப்படம் மட்டுந்தான் புதுசு. போதுமா?" என்று பொரிந்து தள்ளினாள்.

அவர் புரிந்துகொண்டார் என்று அவள் நினைத்தாள்.

"அய்யய்யோ! அதே ஆளா? நல்ல வேளை சொன்னம்மா. எனக்குப் புதுசும் வேணாம், பழசும் வேணாம். பம்பாய்க்காரன்கிட்ட வாங்கிக்கிறேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

மரியசெல்வம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். அவன் முகம் செத்துப் போயிருந்தது.

"மதினி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்கிடாதீக. நீங்க அண்ணன் பேரைச் சொன்னா அண்ணன் எழுதுனது விக்காது. விக்கலைன்னா மூடிப் போட்டுருவானுக. அத்தனையும் குப்பைக்குப் போகும். அது ஓடணும்னா நீங்க வாயைத் தொறக்கக் கூடாது."

"அப்ப அவுக பேரு?"

"பேரு போயிருச்சு மதினி. வேலையாச்சும் நிக்கட்டும்."

அவள் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். திரையில் மலைமுகடு வந்தது, சூரியன் எழுந்தது. அதற்குப் பின்னால் அவன் எழுதிய வரிகள் ஓடிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். டிஸ்க்கை நிரப்பிப் பார்த்தாள். 'இடமில்லை' என்று சொல்லி, ஒரு கோப்பையும் தொடாமல், மரியாதையாக நின்றது. ஜீப் உருண்ட அன்றைக்குத் திண்டுக்கல்லில் நின்றதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மறுநாள் வெள்ளனே சிவகாசியிலிருந்து ஓர் அச்சாபீஸ் முதலாளி கூப்பிட்டார். வயசானவர், தன்மையான குரல்.

"வைகறை. செல்வமேரி..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். "செல்வமேரி பேசுறேங்க."

"தாயி, கேக்கேன்னு தப்பா நினைக்காத. அடைக்கலத்துனால நான் பட்ட பாடு நாய் படாது. இந்தச் சிகரம்னு போட்டிருக்கீகளே, இது அந்த ஆளு பண்ணுனது இல்லையே? கரூர்ல ஒருத்தர் நேத்து போன்ல என்னமோ சொன்னாரு."

மரியசெல்வம் தன் மேஜையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே நல்ல மழை.

"இல்லைங்க ஐயா. இது வேற ஆளு."

"நல்லாத் தெரியுமா தாயி? ஒனக்கு அந்த அடைக்கலத்தத் தெரியுமா?"

"தெரியாதுங்க ஐயா. நான் இப்பத்தான் வேலைக்கு வந்திருக்கேன்."

"அப்பச் சரி. ஒன்னு அனுப்பிவை. யாருகிட்ட சொன்னேன்னு குறிச்சுக்கிடுதேன், ஒம்பேரு என்ன சொன்ன?"

"செல்வமேரி."

"வெறும் செல்வமேரிதானா? வீட்டுக்காரர் பேரு, அப்பா பேரு ஒன்னும் இல்லையா?"

"இல்லைங்க ஐயா" என்றாள் அவள். "வெறும் செல்வமேரிதான்."